உலைக்கும் யூரியாவா?

போன மாதம் ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்த என் அண்ணன் மகன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சேதி சொன்னான். அவன் பொறியாளன். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலைகளுக்குக் கருவி செய்து தரும் ஒரு நிறுவனத்தில் வேலை.

"சித்தப்பா, குப்பை உலைன்னாலே டையாக்சின் வரும்னு இனிமே பயப்பட வேண்டியதில்ல. யூரியா போடுறோம், கந்தகம் போடுறோம், சுண்ணாம்பு தூவுறோம், கரித்தூள் ஊதுறோம். எல்லாம் கட்டுக்குள்ள வந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிலத்துல யூரியா போடாதீங்கன்னு இருபது வருசமா நான் கத்திட்டிருக்கேன். நீ அடுப்புக்கே யூரியா போடுறியா?" என்றேன்.

சிரித்துவிட்டேனே தவிர, அவன் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அந்த நாலு சாமானும் உலையில் வேலை செய்கின்றன. பிறகு எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்பீர்கள். ஊருக்கு ஊர் குப்பை உலை வரப்போகிறது என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. சென்னை கொடுங்கையூரில் அப்படி ஒரு திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்த்து வருகிறார்கள். டெல்லி ஓக்லாவில் 2012 முதல் உலை எரிகிறது. நாளைக்கு நம் ஒன்றியத்துக்கும் வரலாம். அப்போது "மருந்து போட்டுத்தான் எரிக்கிறோம்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்தப் பதிலுக்கு உழவர்களாகிய நாம் என்ன சொல்லப் போகிறோம்? அதற்காகத்தான் இது.

நமக்கும் டையாக்சினுக்கும் என்ன தொடர்பு?

டையாக்சின் என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு குடும்பம். டையாக்சின், ஃபியூரான் என்று சேர்த்து 210 உருப்படிகள். அவற்றில் 17 தான் கொடியவை. யாரும் இவற்றை விரும்பித் தயாரிப்பதில்லை. குளோரினும் கரியும் சூட்டில் சேரும் இடத்தில் தானாக உண்டாகிற கழிவு நஞ்சு இது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காடுகளில் கொட்டிய 'ஏஜெண்ட் ஆரஞ்சு' களைக்கொல்லியில் கலந்திருந்தது இந்தக் குடும்பத்தின் மிகக் கொடிய உருப்படி. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் உறுதி செய்தது.

நகரத்துக்காரர்கள் புகையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நாம் பயப்பட வேண்டியது சோற்றுத் தட்டைப் பார்த்து. மனித உடம்புக்குள் போகும் டையாக்சினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உணவு வழியாகத்தான் போகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும். புகையோடு போய்ப் புல்லில் படியும், மண்ணில் விழும். புல்லை மாடு தின்னும், அது பாலின் கொழுப்பில் சேரும். மண்ணைக் கோழி கொத்தும், அது முட்டையின் மஞ்சள் கருவில் சேரும். மனித உடம்புக்குள் போனது பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டு ஆகும். தாய்ப்பாலிலும் இறங்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், அடைத்து வளர்க்கும் பண்ணைக் கோழியை விட மண்ணைக் கிளறி மேயும் நாட்டுக்கோழிக்குத்தான் ஆபத்து அதிகம். நாம் எதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறோமோ, அந்த மேய்ச்சலே நஞ்சு போகும் வழியாகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1958 முதல் 2005 வரை ஒரு குப்பை உலை எரிந்தது. மூடிப் பல ஆண்டு கழித்து 2021இல்தான் நகரத்து மண்ணில் டையாக்சின் கிடப்பது தெரிய வந்தது. அந்த மண்ணில் மேய்ந்த வீட்டுக் கோழிகளின் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று அரசே சொல்ல வேண்டி வந்தது.

காய்கறியில் பெரும்பாலும் தோலில் படிவதோடு நிற்கும், கழுவினால் குறையும். ஆனால் பூசணிக் குடும்பம் வேறு மாதிரி. பூசணியும் சீமைச் சுரை எனப்படும் ஜூக்கினியும் வேர் வழியாகவே இதை இழுத்துக் காய்க்கு அனுப்புகின்றன என்று 1990களில் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே குடும்பத்து வெள்ளரி அப்படி இழுப்பதில்லை.

அந்த நாலு சாமான் என்ன செய்கிறது?

குப்பை எரியும்போது 850 பாகை வெப்பத்துக்கு மேல் இரண்டு நொடி நின்றால் டையாக்சின் உடைந்து போகும். அதோடு கதை முடிந்தால் நல்லது. முடிவதில்லை. புகை வெளியே வரும் வழியில் ஆறுகிறது. ஏறத்தாழ 200 முதல் 450 பாகைக்குள் வரும்போது, புகையில் பறக்கும் சாம்பல் துகள்களின் மேல் புதிதாக டையாக்சின் பிறக்கிறது. அதற்குக் கரி வேண்டும், குளோரின் வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், தூண்டிவிட ஒரு செம்புத் துகள் வேண்டும். நம் குப்பையில் எல்லாமே இருக்கிறது. பி.வி.சி. பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின்தான். சோற்றுக் குப்பையில் உப்பு இருக்கிறது. ஒயர் துண்டுகளில் செம்பு இருக்கிறது.

கந்தகம் இந்த இடத்தில் குறுக்கே புகுகிறது. தீங்கு செய்யத் தயாராக நிற்கும் குளோரினை அது அமிலமாக மாற்றிவிடுகிறது. செம்பையும் சல்பேட்டாக்கி மந்தமாக்குகிறது. போர்டோ கலவைக்கு நாம் வாங்கும் மயில்துத்தம் இருக்கிறதே, அதுவும் செம்பு சல்பேட்தான். கந்தகம் கொண்ட நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்களில் டையாக்சின் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று 1980களில் விளக்கினார்கள். யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற தழைச்சத்துப் பொருள்களும் செம்பைக் கட்டிப்போடுகின்றன. ஆய்வகச் சோதனைகளில் இவை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கின்றன. உண்மையான உலைகளில் பலன் கூடும், குறையும்.

சுண்ணாம்பும் கரித்தூளும் வேறு வகை. சுண்ணாம்பு அமிலப் புகையை முறிக்கிறது. கரித்தூள், பிறந்துவிட்ட டையாக்சினைத் தன்மேல் ஒட்டவைத்து வடிகட்டிப் பையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கந்தகமும் யூரியாவும் பிறக்காமல் தடுப்பவை, கரி பிறந்ததைப் பிடித்து வைப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகை குறைந்தது, நஞ்சு எங்கே போனது?

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் டையாக்சின் கணக்குப் போட ஒரு கையேடு வைத்திருக்கிறது. எல்லா வசதியும் உள்ள நவீன உலையில் ஒரு டன் குப்பை எரிந்தால் காற்றுக்குப் போவது 0.5 மைக்ரோகிராம். வடிகட்டியில் சேரும் பறக்கும் சாம்பலில் 15. உலையின் அடிச்சாம்பலில் 1.5. பார்த்தீர்களா? காற்றில் போவதைப் போல முப்பது மடங்கு வடிகட்டிச் சாம்பலில் கிடக்கிறது. புகைபோக்கியை அளந்து "வரம்புக்குள் இருக்கிறது" என்று சொல்பவர்கள் அந்த மூட்டையைப் பற்றிப் பேசுவதில்லை.

சாம்பல் எங்கே போகும்? பாதுகாப்பாக அடைத்துப் புதைக்க வேண்டும். அதற்குச் செலவாகும். செலவு என்றதும், "சாம்பல்தானே, நிலத்துக்கு நல்லது" என்று யாராவது ஒருவர் கிளம்புவார். இங்கிலாந்தில் நியூகாசில் நகரின் பைக்கர் பகுதியில் அப்படித்தான் நடந்தது. 1994 முதல் 1999 வரை உலைச் சாம்பல் சுமார் 2,000 டன்னை மக்கள் காய்கறி போடும் தோட்டங்களின் நடைபாதைகளில் கொட்டினார்கள். கோழிகள் அங்கேதான் மேய்ந்தன. முட்டைகளைச் சோதித்தபோது டையாக்சின் ஏறியிருந்தது. அந்தத் தோட்டங்களின் முட்டையையும் கோழியையும் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2002இல் நகராட்சிக்கும் உலையை நடத்திய நிறுவனத்துக்கும் நீதிமன்றம் அபராதம் போட்டது.

பிரான்சின் மலைப்பகுதியில் ஜில்லி-சுர்-இசேர் என்ற ஊரிலும் ஓர் உலை இருந்தது. 2001இல் சுற்றுவட்டாரப் பாலில் டையாக்சின் தெரிந்ததும் உலையை மூடினார்கள். நூற்றுக்கணக்கான பண்ணைகள் மாட்டிக்கொண்டன. ஆயிரக்கணக்கான கால்நடைகளைக் கொன்று அழித்தார்கள். குப்பை நகரத்துடையது, இழப்பு மாடு வளர்த்தவனுடையது.

"அதெல்லாம் பழைய உலை, சித்தப்பா" என்றான் தம்பி. சரிதான். ஆனால் மருந்து ஒழுங்காக வேலை செய்ய உலை ஒரே சீராக எரிய வேண்டும். நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழ பாதி ஈரமான மட்கும் குப்பை. மழைக்காலத்தில் இன்னும் ஈரம். இன்றைக்கு வாழைமட்டை, நாளைக்குத் துணி, மறுநாள் தெர்மாகோல். சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அரைகுறையாக எரியும், டையாக்சினும் கூடும். கந்தகத்தைக் கூட்டினால் கந்தகப் புகையைப் பிடிக்க இன்னும் சுண்ணாம்பு வேண்டும். யூரியா கூடினால் அம்மோனியா புகையோடு வெளியேறும். ஒரு மருந்துக்கு இன்னொரு மருந்து. இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா?

அளவீட்டிலும் ஓட்டை இருக்கிறது. நமது 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம் என்று வரம்பு வைத்தன. ஐரோப்பாவிலும் இதே அளவுதான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு நானோகிராம், அதில் பத்தில் ஒன்று. வரம்பில் குறையில்லை. ஆனால் டையாக்சினைச் சூடு அளப்பது போல நொடிக்கு நொடி அளக்க முடியாது. ஆள் வந்து சில மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உலையைப் பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும்தான் அதிகம் வரும். அந்த நேரத்தில் யாரும் மாதிரி எடுப்பதில்லை. பெல்ஜியத்தில் ஆறு மணி நேர மாதிரியையும் இரண்டு வாரம் தொடர்ந்து எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டபோது, குறுகிய மாதிரி 30 முதல் 50 மடங்கு வரை குறைத்துக் காட்டியது தெரிந்தது. அதற்குப் பிறகு அங்கே தொடர் மாதிரிக் கருவி வைத்தார்கள்.

தம்பி திருப்பிக் கேட்டது

இவ்வளவும் சொல்லி முடித்தேன். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்:

"எல்லாம் சரி சித்தப்பா. போன கோடையில காட்டு மூலையில நீங்க எரிச்சீங்களே, உடைஞ்ச பி.வி.சி. பைப்பு, மூடாக்கு சீட்டு, சாக்கு, நாத்துத் தட்டு... அதுக்கு எந்த வடிகட்டி வச்சீங்க?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

எரித்தது உண்மை. பழைய இரும்புக் கடைக்காரர் சொட்டுநீர்க் குழாயை எடுத்துக்கொண்டார், நைந்துபோன மற்றதை வேண்டாமென்று தள்ளிவிட்டார். களத்தில் கிடந்து இடத்தை அடைத்தது. ஒரு சாயங்காலம் தீ வைத்துவிட்டேன். மறுநாள் சாம்பலில் கோழிகள் புரண்டு குளித்துக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டேதான் போனேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்த முட்டைகளை 'நஞ்சில்லா நாட்டு முட்டை' என்று சந்தையில் விற்றேன். வாங்கியவர்களில் ஒரு கைக்குழந்தைக்காரியும் உண்டு.

அதே ஐ.நா. கையேட்டில், குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் டன்னுக்கு 40 மைக்ரோகிராம் காற்றுக்குப் போகும் என்று இருக்கிறது. நவீன உலையின் புகையைப் போல எண்பது மடங்கு. சாம்பலையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் உலை 17, என் காட்டு மூலை 40. தம்பியின் உலையைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நம் சான்றிதழில் யூரியா உண்டா, பூச்சிக்கொல்லி உண்டா என்று பார்க்கிறார்கள். வரப்போரத்தில் என்ன எரித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

இயற்கை வேளாண்மை நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன?

ரசாயன வேளாண்மையை விட்டு வந்தபோது நாம் ஒன்று கற்றோம். பூச்சி வந்தபின் எந்த மருந்து அடிப்பது என்று கேட்பதை விட்டுவிட்டு, பூச்சி பெருகும்படி நான் என்ன செய்தேன் என்று கேட்கப் பழகினோம். ஒற்றைப் பயிரை மாற்றினோம், யூரியாவை நிறுத்தினோம், பாதிப் பிரச்சினை மருந்தில்லாமலே போனது. குப்பைக்கும் இதுதான். ஈரக் குப்பையும் பி.வி.சி.யும் உலைக்குள் ஏன் போகின்றன என்று கேட்க வேண்டும்.

மட்கும் குப்பையை வீட்டு வாசலிலேயே பிரித்துவிட்டால் குப்பையில் பாதி உலைக்கும் போகாது, கிடங்குக்கும் போகாது. அது எரிக்கிற பொருளே இல்லை, நம் மண்ணிலிருந்து போன சத்து. நாம் அனுப்பிய கீரையும் வாழையும் நகரத்தில் தோலும் தண்டுமாக விழுகின்றன. அவை திரும்பி வர வேண்டிய இடம் நம் நிலம். தமிழ்நாட்டு நகராட்சிகளில் நுண்ணுரம் தயாரிக்கும் மையங்கள் பல இருக்கின்றன. ஆனால் நம்மில் பலர் அந்த உரத்தை வாங்குவதில்லை. கண்ணாடித் துண்டு, பேட்டரி, பிளாஸ்டிக் கிடக்கும் என்ற பயம். அந்தப் பயம் நியாயம்தான். பிரிக்காத குப்பையின் உரம் எனக்கும் வேண்டாம். பயந்து ஒதுங்கிவிட்டால், "உரம் வாங்க ஆளில்லை, எரிக்கத்தான் வேண்டும்" என்பதற்கு நாமே சாட்சியாகிவிடுகிறோம். பிரித்துக் கொடுங்கள், சோதனை அறிக்கையோடு கொடுங்கள், வண்டியோடு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று நகராட்சி வாசலில் போய்ச் சொல்ல வேண்டியது நாம்தான்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக் கழிவில் ஒரு பகுதியை எரித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் உலைகளும் உள்ளன. அங்கே கந்தகமோ யூரியாவோ சுண்ணாம்போ, எது நஞ்சைக் குறைக்குமோ அதைப் போடட்டும், ஒழுங்காகப் போடட்டும். அந்த வேலையைச் செய்யும் தம்பி போன்றவர்கள் வேண்டும். ஆனால் எரிகிற உலைக்குப் போடும் மருந்தைக் காட்டிப் புது உலைக்கு அனுமதி கேட்கக் கூடாது. இந்தியா 2006இல் ஏற்றுக்கொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை டையாக்சினைக் குறைத்துக்கொண்டே போய், முடிந்தால் இல்லாமலே ஆக்கச் சொல்கிறது. உலைகளைப் பெருக்கிக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

உங்கள் வட்டாரத்துக்கு உலை வரும் பேச்சு எழுந்தால் நான்கு கேள்விகளைக் கிராமசபையில் எழுத்தில் கேளுங்கள். மட்கும் குப்பையை முழுவதும் பிரித்த பிறகும் எரிக்க என்ன மிச்சம் இருக்கிறது? பற்றவைக்கும் நேரமும் அணைக்கும் நேரமும் சேர்த்துத் தொடர் மாதிரி எடுப்பீர்களா? பறக்கும் சாம்பல் எந்த ஊருக்கு, எந்தக் குழிக்குப் போகும்? உலை தொடங்கும் முன்பே எங்கள் பாலையும் முட்டையையும் மண்ணையும் சோதித்துக் கணக்கு வைப்பீர்களா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். முன்கணக்கு இல்லாவிட்டால் பின்னால் கெட்டது எதனால் என்று நிரூபிக்க முடியாது. சாம்பலை இலவசமாகத் தருகிறோம், செங்கல்லாகத் தருகிறோம், பாதைக்குப் போடுகிறோம் என்று வந்தால் பைக்கர் தோட்டத்தை நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் நம் வீட்டுக் கணக்கு. பி.வி.சி., மூடாக்கு சீட்டு, நாற்றுத் தட்டு, சாக்கு எதையும் எரிக்காதீர்கள். கழுவிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். ஒரு ஆளிடம் பத்துக் கிலோ இருந்தால் கடைக்காரர் திரும்பிப் பார்க்கமாட்டார். நாற்பது பேர் சேர்ந்து ஒரு லாரிக்குச் சேர்த்தால் வாங்க ஆள் வரும். நெகிழி மூடாக்கை விட்டுச் சருகு மூடாக்குக்குத் திரும்பினால் பாதி வேலை மிச்சம்.

என் காட்டு மூலையை இப்போது வேலி போட்டு அடைத்திருக்கிறேன். சாம்பலை அள்ளி மூட்டை கட்டி மூடி வைத்திருக்கிறேன், எங்கே ஒப்படைப்பது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கோழிகளைக் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டேன். அந்த மூலையில் பூசணிக் கொடி ஏற்றுவதில்லை. முட்டையை டையாக்சினுக்குச் சோதிக்கலாம் என்று விசாரித்தால், அந்தச் செலவு என் ஒரு வருச முட்டைப் பணத்தைத் தின்றுவிடும் போலிருக்கிறது. அதனால் அந்தக் கோழிகளின் முட்டையை விற்பதை நிறுத்திவிட்டேன். கைக்குழந்தைக்காரியிடம் காரணத்தையும் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கூசியது. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "இனிமே எரிக்காதீங்கண்ணா" என்றார். அவ்வளவுதான்.

தம்பி ஊருக்குக் கிளம்பும்போது, உலைக்கு வரும் குப்பையைப் பிரித்து அனுப்பினால் யூரியா எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றான். போட்டுச் சொல்லட்டும். வந்ததும் உங்களுக்கும் எழுதுகிறேன்.